போய்ச் சேராதவன்

கீழத்தரவையில் சுயம்பு செத்துப் பதினாறாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்து சாம்பார் இரண்டாம் முறை வந்துகொண்டிருந்த நேரத்தில், கிழக்கே உப்பளத்து வரப்பு வழியாகச் சுயம்பு நடந்து வந்தான். செத்த அன்றைக்குப் போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, முழங்கால் வரை மடித்துவிட்ட பேண்ட், காலில் செருப்பில்லை. மாலை போட்டு வைத்திருந்த தன் போட்டோவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவர்கள் உட்காருகிற மாதிரி, உடம்பை மொத்தமாகக் கீழே போட்டுப் பந்தியின் கடைசியில் உட்கார்ந்தான். பரிமாறிக்கொண்டிருந்தவர் அவனைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், பிறகு ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை போடாமல் போவது அந்த ஊரில் வழக்கமில்லை.

அடுப்படியிலிருந்து அவன் அம்மா சந்தனமாரி ஓடிவந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் தலையில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏல, தலையில எண்ணெயே வைக்கலியா? இப்படிக் காஞ்சு கெடக்கு" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சுயம்பு இலையைப் பார்த்தான், சோற்றைத் தொடவில்லை. "கொஞ்ச நேரம் படுக்கணும்மா" என்றான். வீட்டுக்குள் போய்ப் பாயில் படுத்தான். கண் மூடவில்லை. மூன்று மணிக்கு எழுந்து, வந்த வழியாகவே உப்பளத்துக்குள் நடந்து, கானல் தொடங்குகிற இடத்தில் மறைந்துபோனான். மறுநாள் பதினொரு மணிக்குத் திரும்பவும் வந்தான்.

அவனுக்குப் பதினெட்டு வயது. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் உப்பளத்துக்கு வேலைக்குப் போனான், கிணற்று மோட்டாரைப் போடப்போய், தோல் உரிந்து கிடந்த வயரில் ஈரக்கையை வைத்துவிட்டான். மோட்டார் நின்றது, அவனும் நின்றான். அவ்வளவுதான் அவன் செத்த கதை. இந்தக் கதை அதற்குப் பிறகு நடந்தது.

ஊரில் சிவகனி என்று ஒரு பெண். அவளுக்குப் பதினேழு வயது. ஊரைப் பொறுத்தவரை அவள் சுயம்புவோடு ஒரே மினிபஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளை, வேறொன்றுமில்லை. இரண்டு வருடமாக அவர்கள் ஒருவரையொருவர் விரும்பியது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அத்தனை கவனமாக மறைத்து வைத்திருந்ததால், அவன் செத்தபோது மற்றவர்களைப் போல மாரில் அடித்துக்கொண்டு அழ அவளுக்கு உரிமையில்லாமல் போயிற்று. துஷ்டி வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள், நாற்காலி எடுத்துப் போட்டாள், சந்தனமாரி மயங்கி விழுந்தபோது சோடா வாங்கிவர ஓடினாள். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் அம்மா தங்கபுஷ்பம் சொன்னாள்:

"கூடப் படிச்ச பய. ஒரு சொட்டுத் தண்ணி வரலியே உனக்கு. கல்லு மனசுட்டி."

மூன்றாம் நாள் அம்மாவோடு உப்பளத்துக்குப் போனாள். பாத்தியில் இறங்கிப் பலகையைப் பிடித்து உப்பை வாரி இழுக்கும்போது, ஒரு இழுப்புக்கு ஒரு தடவை, வாயைத் திறக்காமல், சுயம்பு என்று சொன்னாள். காலையிலிருந்து மத்தியானம் வரை எத்தனை இழுப்போ அத்தனை சுயம்பு. வேறு எங்கேயும் அழ முடியாதவள் அப்படி அழுதாள். பக்கத்தில் வாரிக்கொண்டிருந்த பெண்கள், பிள்ளை வேலை பழகிவிட்டது, மூச்சு சீராக வருகிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

சுயம்பு தினமும் வரத் தொடங்கிய பிறகு ஊர் முதல் வாரம் திகைத்து நின்றது, இரண்டாம் வாரம் விசாரித்தது, மூன்றாம் வாரம் பழகிக்கொண்டது. சுடலைமாடன் கோயில் பூசாரி வந்து பார்த்துவிட்டு, "பேயின்னா ஓட்டலாம். இவன் யாரையும் பிடிக்கல, யாரையும் பயங்காட்டல, வந்து உக்காந்துட்டுப் போறான். இவன எதுல இருந்து ஓட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனார். சர்ச்சிலிருந்து வந்த பாதிரி ஐயரும் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார். ரேஷன் கடையில் குடும்ப அட்டையிலிருந்து பேரை எடுக்கச் சொல்லி வந்த தாளோடு நின்ற கடைக்காரர், தாளில் இருக்கிற ஆள் எதிரிலேயே அம்மாவுக்குப் பை பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, தாளை மடித்து எடைக்கல்லுக்கு அடியில் வைத்தார். பரீட்சை முடிவு வந்தபோது சுயம்பு பாஸாகியிருந்தான், கணக்கில் தொண்ணூற்று நாலு. தலைமையாசிரியை மதிப்பெண் சான்றிதழை நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்றார், அவனும் நேரில் போய் வாங்கினான். கையெழுத்துப் போட்ட இடத்தில் மை பிடிக்கவில்லை. பெருவிரலை உருட்டச் சொன்னார்கள், ரேகையும் விழவில்லை, காகிதத்தில் கொஞ்சம் உப்பு மட்டும் ஒட்டியிருந்தது. அது போதும் என்று எழுதிக்கொண்டார்கள்.

சேதி அனுப்புகிற வேலையை ஆரம்பித்து வைத்தவர் அருமைநாயகம். உப்பு லாரி ஓட்டுகிறவர், மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவியை இழந்தவர். கடைசியாக அவளோடு சண்டை போட்டுவிட்டு லாரி ஏறியவர், திரும்பி வந்தபோது அவள் இல்லை. ஒருநாள் பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்திருந்த சுயம்புவிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தம்பி, நீ அங்கதான இருந்து வார? எம் பொஞ்சாதியப் பாத்தா, எங்கிட்ட இன்னும் கோவமா இருக்காளான்னு கேட்டுச் சொல்லேன்."

சுயம்பு அவரை நிமிர்ந்து பார்த்தான். "சரி மாமா" என்றான்.

மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து மினிபஸ்ஸில் வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், அங்கே பிள்ளைக்குத் தலைவாரி விடுவது யார் என்று கேட்கச் சொன்னாள். கல்யாணத்துக்கு வரமுடியாமல் போன தகப்பனுக்கு, மாப்பிள்ளை நல்லவர்தான் என்று சொல்லச் சொன்னாள் ஒருத்தி. கடலில் போன அண்ணனிடம் படகை விற்கட்டுமா வேண்டாமா என்று கேட்கச் சொன்னான் ஒருவன். சுயம்பு யாரையும் திருப்பி அனுப்பவில்லை, எல்லாவற்றையும் கேட்டுச் சரி என்றான். வந்தவர்கள் மனம் லேசாகித் திரும்பிப் போனார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கூன் விழுந்து வந்தான். உள்ளங்கால் வெடித்துப் பிளந்திருந்தது. சந்தனமாரி தினமும் விடியுமுன் எழுந்து, அவன் சாப்பிடமாட்டான் என்று தெரிந்தும் அவனுக்கென்று சோறு வடித்து, அவசரமாக உப்பள வேலையை முடித்துவிட்டு ஓடிவந்து, அவன் காலைத் தன் மடியில் வைத்து விளக்கெண்ணெய் தடவினாள். எண்ணெய் தோலுக்குள் இறங்காமல் அப்படியே நின்றது.

சிவகனிக்கு அவனிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. உயிரோடிருந்தபோதாவது பஸ் இருந்தது, இப்போது அவனைச் சுற்றி எந்நேரமும் ஆள் இருந்தது. ஐந்து வாரம் தூரத்திலிருந்து பார்த்தாள். பிறகு ஒருநாள், செத்துப்போன பெரியப்பாவுக்குச் சேதி சொல்லவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவளும் வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினாறு பேர். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்த பிறகுதான் அவள் முறை வந்தது.

அவன் தலையைத் தூக்காமலே கேட்டான். "யாருக்குச் சொல்லணும்?"

"எங்க பெரியப்பாவுக்கு."

குரலைக் கேட்டு நிமிர்ந்தான். அவன் கண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று உப்பளம் தெரிந்தது.

"என்ன சொல்லணும்?"

"நீ நல்லாருக்கியான்னு கேக்கணும்" என்றாள்.

செத்த பிறகு முதல் தடவையாக அவன் சிரித்தான். சிரிப்பைத் தாங்கமுடியாமல் உடனே களைத்துப்போய்த் தூணில் சாய்ந்தான்.

"களைப்பா இருக்கு சிவகனி. ஒனக்குச் சொல்லுதேன், வேற யார்ட்டயும் சொல்லல. நான் இன்னும் அங்க போய்ச் சேரவே இல்ல."

"பின்ன தெனமும் எங்க போற?"

"நடக்கேன். மூணு மணிக்கு இங்க இருந்து கெளம்புனா நடந்துகிட்டே இருக்கேன். ஒரே தரவ, ஒரு மரம் கெடையாது. ரொம்ப நேரம் நடந்தா, தூரத்துல ஒரு ஊரு தெரியுது. ஆளுங்க பேசுத சத்தம் கேக்குது. தாளிக்கிற வாசன கூட வருது. இன்னுங் கொஞ்சந்தான்னு எட்டி வைப்பேன், பின்னால இருந்து எம் பேரு வரும். வந்துட்டா திரும்பணும். திரும்பாம இருக்க முடியல, கால் அதுவாத் திரும்பிரும்."

"யாரு கூப்பிடுதா? அத்தையா?"

"அம்மா கூப்பிடுதா. சத்தமாத்தான் கூப்பிடுதா. ஆனா அது ஊர் எல்ல தாண்டுனா கேக்காது." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "வாயத் தெறக்காமக் கூப்பிடுத சத்தம்தான் அவ்வளவு தூரம் வருது."

அவள் பலகை பிடித்துக் காய்த்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "இவங்க சேதியெல்லாம்?"

"எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. எறக்கிவைக்க எடமில்ல. கனக்குது."

பின்னால் நின்ற பொம்பளை, "ஏ பிள்ள, ஒரு பெரியப்பாவுக்கு எவ்வளவு சேதி? நாங்க மூணு மணிக்குள்ள சொல்லவேண்டாமா?" என்று சத்தம் போட்டாள். சிவகனி நகர்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் அவன் பேரைச் சொல்லாமலிருக்கப் பார்த்தாள். பலகையை இழுக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தாள். சாமி பேரைச் சொல்லிப் பார்த்தாள், வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள். எட்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் அவன் பேர் வந்து நின்றது. மூச்சை நிறுத்தினால்தான் அதை நிறுத்தமுடியும் போலிருந்தது. ஒருநாள் அவன் பன்னிரண்டு மணிக்கு வந்தான், ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். பாதி வழியில் திரும்பி, திரும்பிய வழியில் மறுபடி திரும்பி, நாள் முழுக்க நடந்தபடியே இருந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவனைப் பார்த்ததும் சந்தனமாரி கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததை சிவகனி கண்டாள்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு, நாற்பது பேர் வாரிக்கொண்டிருந்த அளத்தில், சிவகனி பலகையைப் போட்டுவிட்டுப் பாத்தியைத் தாண்டிச் சந்தனமாரியிடம் போனாள். இதைச் சொன்னால் ஊர் தன்னை என்ன சொல்லும், அம்மா என்ன செய்வாள், காலேஜில் சேர்ப்பார்களா, அல்லது ஆவணிக்குள் எவனுக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்களா என்று எல்லாம் தெரிந்துதான் போனாள்.

"அத்த."

"என்ன மக்கா?"

"நானும் அவனும் ரெண்டு வருசமா விரும்புனோம். நாந்தான் அவனக் கூப்பிடுதேன். நீங்க இல்ல. நான்."

சொன்னதும் அவளுக்குள் அடைத்திருந்தது உடைந்தது. கணுக்காலளவு உப்புத் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்து, வாயைத் திறந்து, சுயம்பு, சுயம்பு என்று ஊருக்கே கேட்கும்படி அழுதாள். நாற்பது பலகையும் நின்றது. தங்கபுஷ்பம் தன் பாத்தியிலிருந்து பாய்ந்து வந்தாள். மகளின் தலைமுடியைப் பிடித்துத் தூக்க நீண்ட கை, பாதியில் நின்றது. அந்த அழுகையைக் கேட்டபடி அந்தக் கையால் நிற்கத்தான் முடிந்தது. "அன்னைக்குக் கல்லு மனசுன்னு சொன்னேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். கோபப்படுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவன் போய்ச் சேராததை, சேதிகள் கனப்பதை, எல்லாவற்றையும் சிவகனி சொல்லி முடித்தாள். சந்தனமாரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டுவாள், அறைவாள், எம் பிள்ளையை நீ என்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறாயா என்று கத்துவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வரப்பில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

"எனக்கும் முடியல மக்கா" என்றாள். "தெனமும் வடிக்கேன், தெனமும் கொட்டுதேன். தெனமும் மூணு மணிக்கு எம் பிள்ள ஒருக்க சாவுதான். பெத்தவ எப்படிப் போதும்னு சொல்ல? யாராவது சொல்ல மாட்டாங்களான்னு பாத்துகிட்டே இருந்தேன்."

அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவன் வந்தபோது பஸ் நிறுத்தத்தில் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். சந்தனமாரி ஒரு கையில் மகனையும் ஒரு கையில் சிவகனியையும் பிடித்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் வந்து, இனி இவன் சேதி வாங்கமாட்டான், இதுவரை வாங்கிய எதையும் சேர்க்கவுமில்லை, அவனே இன்னும் அங்கே போகவில்லை என்றாள். கூட்டம் கொதித்தது. இரண்டு பஸ் மாறி வந்தோமே என்றார்கள். ஏமாற்று என்றார்கள். அருமைநாயகம் முன்னால் வந்தார், அவர் முகம் கறுத்திருந்தது.

"ஏல, அப்ப அவட்ட நீ கேக்கவே இல்லியா? நான் தெனமும் பதில் வரும், பதில் வரும்னு லாரிய விட்டுட்டு வந்து நிக்கேனே."

"இல்ல மாமா" என்றான் சுயம்பு. "இல்லன்னு சொன்னா நீங்க அழுவீங்கன்னு நெனச்சேன்."

அவர் அவன் காலைப் பார்த்தார். வெடிப்புகளுக்குள் உப்பு இறுகியிருந்தது. லாரியில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் டயர் எப்படி நசுங்கி நிற்கும் என்று தெரிந்தவர் அவர். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சரி. எஞ் சேதிய நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். எறக்கு."

அவர் அந்த இடத்திலேயே, யாருமில்லாத மேற்குப் பக்கம் திரும்பி நின்று, தன் மனைவியைப் பேர் சொல்லாமல் "ஏளா" என்று விளித்து, "அன்னைக்குக் கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. வேணும்னுதான் நல்லால்லன்னு சொன்னேன்" என்றார். சுயம்புவின் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது, எல்லோரும் பார்த்தார்கள். பிறகு பிள்ளையைப் பறிகொடுத்தவள் வந்தாள். படகுக்காரன் வந்தான். ஒவ்வொருவராக வந்து, தந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்று, சொல்லவேண்டியதைத் தாங்களே சொன்னார்கள். பஸ் நிறுத்தம் முழுக்க ஆட்கள் காற்றோடு பேசிக்கொண்டு நின்றார்கள். மினிபஸ் வந்து, யாரும் ஏறாததால் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. வராதவர்களின் சேதிகளைப் பக்கத்து வீட்டார் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தபோது அவன் நேராக நின்றான், செத்த அன்றைக்கு இருந்த உயரத்துக்கு வந்திருந்தான்.

மூன்று மணிக்குச் சந்தனமாரியும் சிவகனியும் கடைசிப் பாத்தி வரை அவனோடு போனார்கள். அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டான். சிவகனியின் முன்னால் வந்து நின்றபோது, அம்மா பார்க்கிறாளே என்று கூச்சப்பட்டு நெளிந்தான். சந்தனமாரி உப்புக் குவியலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"என்ன மறந்துருவியா?"

"மாட்டேன். நெனைப்பேன். கூப்பிட மாட்டேன்."

"அது ரெண்டும் வேறயா?"

"தெரியல. பழகிக்கிடுதேன்."

அவன் அவள் கையைப் பிடித்தான். இரண்டு வருடத்தில் பகல் வெளிச்சத்தில் பிடித்தது அதுதான் முதல் தடவை. கை குளிர்ந்திருந்தது. பிறகு வரப்பில் இறங்கி நடந்தான். நூறு அடி போனதும் கால் இடறித் தடுமாறினான். சந்தனமாரியின் வாய் அவன் பேரைச் சொல்லத் திறந்தது. அவள் சிவகனியின் கையை எலும்பு நோகும்படி பிடித்து இறுக்கினாள், சிவகனியும் இறுக்கினாள். பேர் வெளியே வரவில்லை, உள்ளேயும் வரவில்லை. அவன் தானே சமாளித்து நின்று, நடந்து, கானலுக்குள் இறங்கி, இடுப்பு மறைந்து, தோள் மறைந்து, இல்லாமல் போனான். மறுநாள் பதினொரு மணிக்குச் சிலர் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று பார்த்தார்கள். வரப்பில் ஒரு நாரை மட்டும் நின்றது.

அதற்கு முன் அன்றைய சாயங்காலத்தைச் சொல்லவேண்டும். அவன் போன பிறகு இரண்டு பேரும் உடனே திரும்பவில்லை. குவியலின் நிழலில் உட்கார்ந்தார்கள். பேசச் சத்துமில்லை, அழச் சத்துமில்லை. வெகுநேரம் கழித்துச் சந்தனமாரி கேட்டாள்.

"ஏ பிள்ள. அவன் எங்கிட்ட வாயே தெறக்க மாட்டான். உங்கிட்ட பேசுவானா?"

"ரொம்பப் பேசுவான் அத்த."

"சொல்லு. மொத நாளு எப்படி?"

சிவகனி பாவாடையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினாள். யாரிடமும் சொல்லாத ஒன்றை எங்கே தொடங்குவதென்று தெரியாமல் கொஞ்சம் விழித்தாள்.

"பஸ்ல கூட்டம். நான் நின்னுகிட்டு வந்தேன், அவன் உக்காந்திருந்தான். எம் பையக் குடுத்து வச்சிக்கிடச் சொன்னேன். எறங்குதப்ப அவசரத்துல அவன் எம் பையத் தூக்கிட்டுப் போயிட்டான், நான் அவன் பையோட நிக்கேன். மத்தியானம் தெறந்தா நீங்க கட்டிக் குடுத்த சோறு. கருவாட்டுக் கொழம்பு."

"தின்னியா?"

"தின்னேன்."

"உப்பு?"

"கூட."

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "எங்கையி எப்பவும் கூடத்தான். அவன் ஒருநாளும் சொன்னதில்ல" என்றாள். பிறகு குவியலில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று சிவகனி பேச்சை நிறுத்தினாள்.

"உம்" என்றாள் சந்தனமாரி, கண்ணைத் திறக்காமலே. "பெறவு?"